87ஆம் இலக்கத்துக்கு ஒரு யன்னல்

மதிப்புக்குரிய மருத்துவமனைப் பணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அனுப்பிய முறைப்பாட்டுக்குத் தங்கள் பதில் கிடைத்தது. "கிளினிக் பகுதியில் கைகழுவும் வசதி போதிய அளவில் உள்ளது" என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்டது சிறுநீரகக் கிளினிக் மண்டபத்தில் மூடியே கிடக்கும் யன்னல்களைத் திறப்பதைப் பற்றி. அதனால்தான் இம்முறை எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

கைகழுவும் வசதி இருப்பது உண்மைதான். 2020இல் வாசலில் பூட்டிய, காலால் மிதித்தால் தண்ணீர் வரும் அந்தத் தொட்டி. மிதிகட்டை துருப்பிடித்து இறுகிவிட்டது. சவர்க்காரப் போத்தலுக்குள் மழைத்தண்ணீர் நிற்கிறது. அதை நான் குறை சொல்ல வரவில்லை.

அம்மாவுக்குச் சிறுநீரகம் மாற்றியது தங்கள் மருத்துவமனையில்தான். அந்த நன்றி இன்றும் உண்டு. உள்ளே இருப்பது அப்பாவின் சிறுநீரகம். உடம்பு அதைத் தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளிசைகளைக் கடைசிவரை போடவேண்டும், சனக்கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று சொல்லித் தந்ததும் தங்கள் டொக்டர்மார்தான். போன கிளினிக்கில் எங்களுக்குக் கிடைத்த இலக்கம் 87.

கதிரைகள் நிறைந்து, சுவரில் சாய்ந்தும் ஆட்கள். ஐந்து யன்னல்கள். ஐந்திலும் டேப் ஒட்டிய ஒரு தாள்: "ஏசி இயங்குகிறது, திரக்க வேண்டாம்." (மேலே சிங்களத்தில் ஒரு பிழையும் இல்லை. அரசகரும மொழி ஒன்றுக்கு ஒரு 'ற' கிடைப்பதற்கே இவ்வளவு பாடு. அது வேறு மடலுக்கு உரியது.)

மூன்றரை மணித்தியாலம் கழித்துக் கவுண்டருக்குப் போனோம். "அம்மா, மாஸ்க்கைக் கழற்றிப்போட்டுக் கதையுங்க, விளங்குதில்ல" என்றார் பதிவு எழுதுபவர். அவருடைய மாஸ்க் நாடிக்குக் கீழே இருந்தது. அம்மா கழற்றினார். மேசைக்குப் பின்னால் இருப்பவர் எதைச் சொன்னாலும் கேட்டு நடக்கிற தலைமுறை. பெயர், பிறந்த திகதி, குளிசைகள் ஒவ்வொன்றாக. கழற்றிய என்-95இன் எலாஸ்டிக்கை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். பின்னால் நின்றவர் இருமிக்கொண்டே இருந்தார். பாவம், அவரும் நோயாளிதான்.

ஐந்தாம் நாள் காய்ச்சல். பிறகு பதினொரு நாள் வார்டில். அங்கேதான் தொற்றியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. காற்றுக்கு யார் ரசீது தருகிறார்கள்?

தங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. கொவிட் காற்றில் பரவாது என்று 2020 மார்ச்சில் அடித்துச் சொன்ன உலக சுகாதார ஸ்தாபனமே, 2024இல் இத்தகைய கிருமிகளுக்கெல்லாம் "காற்றினூடாகப் பரவுதல்" என்ற சொல்லை ஏற்று அறிக்கை வெளியிட்டது. மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் நுண்துளிகள் தரையில் ஒட்டிய ஒரு மீற்றர் கோட்டைப் பார்த்து நின்றுவிடுவதில்லை. சாம்பிராணிப் புகைபோல் அறை முழுக்கச் சுற்றும். 2020 ஜனவரியில் குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்றில் ஏசி காற்றோட்டத்தின் வழியே மூன்று மேசைகளில் இருந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பேருக்குத் தொற்றியதைத் தாங்களும் வாசித்திருப்பீர்கள். தங்கள் சுவரில் இருக்கும் ஏசியும் அந்த மாதிரித்தான்: வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, உள்ளே இருப்பதையே குளிராக்கித் திருப்பித் தருகிறது.

அன்று சிநேகிதி தந்த சிறிய காபனீரொட்சைட்டு மீற்றர் ஒன்று என் கைப்பையில் இருந்தது. நாம் விடும் மூச்சில் வரும் அந்த வாயு அறைக்குள் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அது காட்டும். வெளியே பத்து இலட்சத்துக்கு 420 பங்கு காட்டியது, பத்து மணிக்குத் தங்கள் மண்டபத்தில் 2,100. கணக்குப் போட்டால், நாங்கள் இழுத்த இருபத்தைந்து மூச்சில் ஏறக்குறைய ஒன்று அடுத்தவர்கள் விட்டது. கடலோரத்து ஊரில் காற்றுக்கு இப்படி ஒரு பஞ்சமா? வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு யன்னலுக்குக் கொக்கி போட்டும் நிற்பதில்லை.

என்ன செய்வது, கொவிட் கிருமியை விரட்டவென்று மண்முட்டியை ஆற்றில் எறிந்த சுகாதார அமைச்சரையும், கொவிட்டுக்கு மருந்தென்று சொன்ன கேகாலைப் பாணிக்கு முண்டியடித்த சனத்தையும் கண்ட நாடு இது. நிலத்தடி நீரில் பரவும் என்று சொல்லி, கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை 2021 பெப்ரவரி வரை எரித்த நாடும் இதுதான். தண்ணீரில் பரவும் என்றால் நம்பினோம், மண்ணில் பரவும் என்றால் வர்த்தமானி அடித்தோம். காற்று என்றால் மட்டும் ஒருவருக்கும் காது கேட்பதில்லை. இப்போது மாஸ்க் போட்டு பஸ்ஸில் ஏறினால், "கொரோனா திரும்ப வந்திட்டுதோ" என்று சிரிக்கிறார்கள்.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஐந்து யன்னல்களில் இரண்டையாவது திறந்து வையுங்கள். ஏசி வீணாகும், மின்கட்டணம் கூடும் என்றால், நுண்துளிகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை மண்டபத்தில் வைக்கலாம். சிறுநீரகக் கிளினிக் நாட்களிலாவது ஊழியர்கள் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போடட்டும், முடிந்தால் ஓரத்தில் இடைவெளி விழாத என்-95. நோயாளியிடம் கழற்றச் சொல்வதை இன்றே நிறுத்தலாம். அதற்குச் செலவில்லை. விளங்காவிட்டால் ஒரு தாளும் பேனையும் நீட்டினால் போதும், அம்மாவின் கையெழுத்து அழகானது.

அடுத்த கிளினிக் 14ஆம் திகதி. அம்மா வந்தே ஆகவேண்டும், இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது என்று கொப்பியில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் அந்த யன்னலைத் திறந்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தாள் அப்படியே ஒட்டியிருந்தால், 'ர'வையாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
87ஆம் இலக்கத்தின் மகள்
வெள்ளவத்தை, கொழும்பு 06