அந்த ‘என்றைக்குமே’ சரியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் பொருளாதார நெருக்கடி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். எரிபொருள் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு எல்லாம் கண் முன்னால் நின்றன. ஆனால் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: இலங்கை ரூபாய் என்றைக்குமே நம் ரூபாயில் கால்வாசிக்குக் கீழேதானாம். அந்த ‘என்றைக்குமே’தான் என்னை எழுத உட்கார வைத்தது. ஏறத்தாழ நூற்று முப்பது வருஷம் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. அதற்குப் பிறகு பதினோரு வருஷம், அரசாங்கக் கணக்குப்படி, அவர்களுடைய ரூபாய்தான் உசத்தி.

ரிக்ஸ் டாலர் என்ற டச்சுக் காலத்துப் பணத்தை ஒழித்துவிட்டு, 1825-ல் பிரிட்டிஷ்காரர்கள் இலங்கைக்குத் தங்கள் நாட்டு பவுன் கணக்கை (இருபது ஷில்லிங் ஒரு பவுன், பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங்) கொண்டுவந்தார்கள். அது ஊன்றவில்லை. அரிசி வந்தது இந்தியாவிலிருந்து, தோட்டக் கூலிகள் வந்தது தமிழ்நாட்டிலிருந்து, கடன் கொடுத்தது செட்டியார்கள். இவர்கள் யாருக்கும் ஷில்லிங் வேண்டியிருக்கவில்லை. 1836-ல் இந்திய வெள்ளி ரூபாயே அங்கேயும் தர நாணயமானது. அதன் எடை 180 கிரெய்ன், அதாவது சுமார் 11.66 கிராம். கிழக்கிந்தியக் கம்பெனி 1835-ல் வைத்த அளவு அது.

1872 ஜனவரி 1 முதல் ரூபாயும் சதமும் இலங்கையின் ஒரே கணக்கு. நூறு சதம் ஒரு ரூபாய். நாம் அணாவிலும் தம்பிடியிலும் 1957 வரை மாரடித்துக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். பழைய காசு சேர்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. 1870 என்று பொறித்த விக்டோரியா காலத்துச் சிலோன் செப்புக்காசில் நடுவே ஒரு பனை, அதன் பக்கங்களில் சிங்களமும் தமிழும். ஆனால் சில்லறைதான் அவர்களுடையது. முழு ரூபாய்க்கு இந்திய வெள்ளி நாணயமே புழங்கியது.

1870-களில் ஜெர்மனி முதலிய நாடுகள் தங்கத்துக்கு மாறியதும் வெள்ளி விலை சரிந்தது. இரண்டு ஷில்லிங்கை ஒட்டி இருந்த ரூபாய், 1890-களின் தொடக்கத்தில் ஒன்றேகால் ஷில்லிங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. தேயிலையை லண்டனில் பவுனுக்கு விற்றுவிட்டுக் கூலியை ரூபாயில் கொடுத்த தோட்டத் துரைமாருக்கு இது கொண்டாட்டம். 1893-ல் இந்திய அரசு, தனியார் வெள்ளியைக் கொண்டுவந்து நாணயச் சாலையில் ரூபாயாக அடித்துக்கொள்வதை நிறுத்தியது. ரூபாய் மெல்ல ஏறி 1 ஷில்லிங் 4 பென்ஸில் நின்றது; 1927-ல் சட்டப்படி 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஒவ்வொரு தடவையும் முடிவு எடுத்தது லண்டனும் கல்கத்தாவும் டெல்லியும். கொழும்பு கூடவே ஏறியது, கூடவே இறங்கியது. அங்கே நோட்டு வெளியிட்டு வந்த ஓரியண்டல் வங்கி 1884-ல் முழுகிய பிறகு இலங்கை அரசு தானே நோட்டு அடிக்கத் தொடங்கியபோதும், அதன் பின்பலம் இந்திய வெள்ளி ரூபாயும் இந்திய அரசுப் பத்திரங்களும்தான்.

1949 செப்டம்பரில் பவுன் மதிப்பு குறைந்ததும் இரண்டு ரூபாய்களும் சேர்ந்தே குறைந்தன. 1950-ல் இலங்கைக்கு மத்திய வங்கி வந்து, இந்திய ரூபாயோடு இருந்த பழைய முடிச்சு அவிழ்ந்தது. ஆனாலும் டாலருக்கு 4.76 என்ற விலை இரண்டுக்கும் பொது.

பிரிந்தது 1966 ஜூன் 6-ல். இந்திரா காந்தி அரசு டாலரை 7.50 ஆக்கியது. இலங்கை அசையவில்லை. அன்றைய கணக்கில் ஒரு சிலோன் ரூபாய்க்கு நம் பணத்தில் 1 ரூபாய் 57 காசு! அடுத்த வருஷம் நவம்பரில் பிரிட்டன் மறுபடி பவுனைக் குறைத்தபோது இலங்கையும் குறைத்து 5.95-க்கு வந்தது. நாம் குறைக்கவில்லை. அப்படியும் அவர்களுடைய ரூபாய் 1 ரூபாய் 26 காசு.

இதை வைத்து அன்றைக்கு இலங்கை செழித்திருந்தது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த விலை இறக்குமதி உரிமத்தாலும் செலாவணிக் கட்டுப்பாட்டாலும் முட்டுக்கொடுத்து நிறுத்திய விலை. 1968 மே மாதம் அவர்களே இரண்டாவது விலை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அரிசி போன்ற அத்தியாவசியங்களுக்குப் பழைய விலை. மற்ற பல இறக்குமதிகளுக்கு அன்னியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் வாங்கி 44 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 5.95 அங்கே 8.57 ஆகிறது. முதல் விலையில் நம்மைவிட உசத்தி, இரண்டாவதில் நம்மைவிட இளப்பம், இரண்டும் ஒரே நாளில், ஒரே ரூபாய்க்கு.

1977 நவம்பரில் ஜெயவர்த்தனே அரசு இரண்டு விலைகளையும் ஒன்றாக்கி டாலருக்கு 16 என்று திறந்துவிட்டது. நம் ரூபாய் அப்போது 9-க்கும் கீழே. அன்றைக்குத்தான் அதிகாரபூர்வமாக அவர்கள் பணம் நம் பணத்துக்குக் கீழே வந்தது. கட்டுரையாளர் சொல்லும் ‘கால்வாசிக்குக் கீழே’ 2022-ல் வந்தது: சில வாரங்களுக்குள் டாலர் சுமார் 200-லிருந்து 360 வரை போன அந்த வசந்தத்தில்.

கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்கும்போது அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மற்றபடி குறை சொல்ல எதுவும் இல்லை.

அன்புடன்,
ஒரு நாணயச் சேகரிப்பாளர்