கருத்தரிப்பு சிகிச்சைக் காப்பீட்டைக் கணவர் பெயர் கேட்டு மறுப்பதைச் சரிசெய்யக் கோரி மனு

அனுப்புநர்
தனியார் நிறுவன ஊழியர், அஸ்தம்பட்டி, சேலம்.
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன். அவற்றை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.)

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சேலம்.

பொருள்: நிறுவனங்களின் குரூப் இன்சூரன்ஸில் தன்பால் இணையருக்கும் கணவர் இல்லாத பெண்களுக்கும் கருத்தரிப்பு சிகிச்சைச் செலவு மறுக்கப்படுவது குறித்து.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 34 வயது. ஒன்பது வருடமாக ஒரே நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நானும் என் இணையரும் பெண்கள். ஏழு வருடமாக ஒரே வீட்டில் குடும்பமாக இருக்கிறோம். அவள் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட அலுவலகத்துக்குக் காலையில் பஸ் ஏறிப் போய், பொழுது சாய இறங்கி வருகிறாள். எங்களுக்கு ஒரு குழந்தை வேண்டும்.

பெரும்பாலான பாலிசிகளில் குழந்தையின்மை சிகிச்சை விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். எங்கள் நிறுவனம் அதற்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இதற்காக நிர்வாகத்தை நான் நன்றியோடுதான் நினைத்திருந்தேன். பக்கத்து சீட்டு அக்கா போன வருடம் ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) செய்துகொண்டார், பணம் வந்தது. அவர் வளைகாப்புக்கு எங்கள் பிரிவே திரண்டு போனோம்.

எனக்குக் கருமுட்டை இருப்பு குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தது. டாக்டர் அதே ஐவிஎஃப்பைத்தான் எழுதிக் கொடுத்தார். படிவத்தில் 'கணவர் பெயர்' என்ற கட்டம் காலியாக இருந்ததால் என் க்ளெய்ம் திரும்பி வந்தது. கேட்டால், "இது கணவன் மனைவிக்குத்தான்" என்றார்கள். அக்காவுக்கும் எனக்கும் ஒரே பிரீமியம்தான்.

அம்மா தந்த வளையல்களை அடகு வைத்து 1,85,000 ரூபாய் கட்டினோம். ஊசியைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். அவள்தான் கற்றுக்கொண்டு போட்டுவிட்டாள். மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுபோன ஒருநாள் மட்டும், அவள் போனில் சொல்லச் சொல்ல நானே போட்டுக்கொண்டேன். அந்த முறை கரு தங்கவில்லை. இன்னொரு முறைக்குக் கையில் பணமில்லை. வயதும் காத்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். உதவிபெறும் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், 2021, திருமணமான தம்பதியோடு தனியாக வரும் பெண்ணுக்கும் இடம் தருகிறது. 21 முதல் 50 வயது வரை சிகிச்சை பெறலாம். அதன்படிதான் மருத்துவமனை என்னை ஏற்றுக்கொண்டது. ஆக, சிகிச்சைக்குக் கணவர் தேவையில்லை, செலவைத் திரும்பப் பெற மட்டும் தேவைப்படுகிறார்.

அதே சட்டம், ஓராண்டு தாம்பத்திய உறவுக்குப் பிறகும் கருவுறாததையோ, தம்பதி கருத்தரிக்கத் தடையாக உள்ள மருத்துவக் காரணத்தையோதான் குழந்தையின்மை என்கிறது. எங்களைப் போன்றவர்கள் இந்த வரையறைக்குள் எப்படி வர முடியும்? அமெரிக்காவின் இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2023 அக்டோபரில் தன் வரையறையை விரித்து, கருத்தரிக்க மருத்துவ உதவி தேவைப்படுபவர் தனியாக இருந்தாலும் இணையோடு இருந்தாலும் அதில் அடங்குவார் என்றது.

தன்பால் திருமணத்தை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று ஏற்கவில்லை என்பது தெரியும். அதைத் தங்களிடம் கேட்டு நான் வரவில்லை. ஆனால் குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

எனவே, பாலிசியில் கருத்தரிப்பு சிகிச்சை இருந்தால் மருத்துவரின் பரிந்துரையை மட்டும் பார்த்துச் செலவைத் தர வேண்டும், கணவர் பெயரை நிபந்தனையாக்கக் கூடாது என்று மாவட்டத்தில் உள்ள நிறுவனங்களுக்குத் தொழிலாளர் துறை வழியாக அறிவுறுத்த வேண்டுகிறேன். காப்பீட்டு விதிகள் டெல்லியில் உள்ள மத்திய அரசுக்கும் ஐதராபாத்தில் உள்ள காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் உட்பட்டவை என்பதால், அந்த ஆணையத்துக்கு மாநில அரசு எழுதும்படி தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். என் இணையரை அந்த பாலிசியில் குடும்ப உறுப்பினராகச் சேர்க்கவும் வழி பிறந்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மருத்துவப் பரிந்துரை, க்ளெய்ம் மறுத்த கடிதம், கட்டண ரசீதுகளின் நகல்களை இணைத்துள்ளேன். நேரில் விளக்கம் தேவைப்பட்டால் எந்தத் திங்கட்கிழமையும் இருவரும் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்