வேஷம் மாற்றிய மந்திரமா மனோசக்தி?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் கற்பனையுலகக் கதாபாத்திர விளையாட்டுகள் பற்றி வந்த கட்டுரை, ‘மனோசக்தி என்பது வேஷம் மாற்றிய மந்திரம்தானே, அதற்கு எதற்குத் தனி விதிகள்?’ என்று முடிந்திருந்தது. மனோசக்தி என்றால் மனதின் வலிமையாலேயே காரியம் சாதிப்பது. பல ஆட்ட மேசைகளில் அப்படித்தான் நடக்கிறது என்பதால் கேள்வியில் நியாயம் உண்டு. நெருப்பு உருண்டைக்கு நீல நிறம் பூசி, மந்திரக்கோலுக்குப் பதில் நெற்றிப்பொட்டில் இரண்டு விரலை வைத்துவிட்டால் அது மனோசக்தி ஆகிவிடாது. வித்தியாசம் விதிகளில் மூன்று இடங்களில்தான் இருக்கிறது: எதிராளிக்கு அது தெரிகிறதா, கையிருப்பை எப்படி எண்ணுகிறோம், அதை எது தடுக்கும்.

முதலில், தெரிகிறதா என்பது. மந்திரம் என்றாலே நமக்கு உச்சரிக்கும் சொல். இவ்வகை விளையாட்டுகளில் புகழ்பெற்ற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் அப்படியே. பெரும்பாலான மந்திரங்களுக்குச் சொல், கையசைவு, பொருள் ஆகியவற்றில் ஒன்றாவது வேண்டும். வாயில் துணியை அடைத்துக் கைகளைக் கட்டினால் மந்திரவாதியின் கதை அநேகமாக முடிந்தது. மனோசக்திக்காரரிடம் இந்தப் பூட்டு செல்லாது. அந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில், 60 அடிக்குள் ஒருவர் மந்திரம் போடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் அதை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல் மந்திரத்தைப் போட முடியும். சொல்லும் இல்லை, அசைவும் இல்லை, பொருளும் இல்லை என்றால் பார்க்க என்ன இருக்கிறது? 2020-ல் வந்த அபெரன்ட் மைண்ட் சார்சரர் என்ற மனோசக்தி கலந்த மந்திரவாதி வகை ஆறாம் லெவலிலிருந்து, தனது மனோசக்தி மந்திரங்களை அவற்றின் லெவலுக்குச் சமமான சார்சரி பாயின்ட்டுகளை (அவ்வகையினரின் சக்திக் கையிருப்பு) கொடுத்து இப்படி மௌனமாகப் போடலாம்.

சிக்கலும் இங்கேதான். அரசவையின் நடுவே நின்றுகொண்டு அமைச்சரின் மனதை வளைக்கலாம், காவலருக்குச் சந்தேகமே வராது என்று ஆகிவிட்டால், அடுத்த மூன்று அமர்வுகளுக்கு ஆட்டக்காரர்கள் வேறெதையும் செய்ய மாட்டார்கள். பழைய 3.5 பதிப்பில் இதற்கு நல்ல மருந்து இருந்தது. ஒவ்வொரு சக்திக்கும் ஒரு வெளிப்பாடு உண்டு: ரீங்காரம், ஒளி, மணம் என்று ஏதாவது ஒன்று. அதை மறைக்க வேண்டுமானால் 15-உடன் சக்தியின் லெவலைக் கூட்டி வரும் எண்ணை எட்ட, மன ஒருமைக்கான பகடை உருட்ட வேண்டும். மறைக்கலாம், ஆனால் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. இந்த விதியை ஐந்தாம் பதிப்புக்குக் கடன் வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை.

இதைவிட அழகான ஏற்பாடு பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் முதல் பதிப்பில் 2015-ல் வந்தது. அங்கே சொல்லுக்குப் பதில் எண்ணம், அசைவுக்குப் பதில் உணர்ச்சி. உணர்ச்சி தேவைப்படும் மந்திரத்தை, பயத்தின் பிடியில் இருப்பவர் போடவே முடியாது. எண்ணம் தேவைப்படும் மந்திரத்தில் மன ஒருமைப் பகடையின் இலக்கு 10 கூடும். கூடாமல் இருக்க, நகர்வதற்கான வாய்ப்பைச் செலவழித்து மனதைக் குவிக்க வேண்டும். கட்டிப்போட்டால் பயனில்லை, பயமுறுத்தினால் பயனுண்டு. கைவிலங்கைக் கழற்றிவிட்டு அப்படியே விட்டுவிடாமல் வேறொரு விலங்கு பூட்டியிருக்கிறார்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம். ரோல்மாஸ்டர் என்ற விளையாட்டில் தலைக்கவசம் மனோசக்திக்கு இடைஞ்சல் என்று வைத்ததும் இதே யோசனைதான்.

இரண்டாவது, கணக்கு. பெரும்பாலான மேசைகள் கவிழ்வது இங்கே. மந்திரவாதிக்கு ஸ்லாட் (ஒவ்வொரு லெவலிலும் இத்தனை முறை என்ற ஒதுக்கீடு), மனோசக்திக்காரருக்குப் பாயின்ட் (எந்த லெவலுக்கும் செலவிடக்கூடிய பொதுக் கையிருப்பு) என்பது பழைய வழக்கம். 2014 விதிகளில் ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு முதல் லெவல் ஸ்லாட் 4, இரண்டாம் லெவல் 3, மூன்றாம் லெவல் 2. டஞ்சன் மாஸ்டர் கையேட்டின் மாற்று விதிப்படி இவற்றின் விலை முறையே 2, 3, 5 பாயின்ட். ஆக மொத்தம் 27. கூட்டல் சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஸ்லாட்டாக இருக்கும்போது மூன்றாம் லெவல் மந்திரமான ஃபயர்பால் இரண்டு, பாயின்ட்டாக மாறியதும் ஐந்து, மீதி 2 பாயின்ட் கையில். அந்தக் கையேடு ஒரு நாளுக்கு 6 முதல் 8 மோதல்கள் என்று கணக்கு வைத்திருந்தது. ஒரே ஒரு பெரிய சண்டை நடத்தும் மேசையில் ஐந்து ஃபயர்பாலும் அந்தச் சண்டையிலேயே வெடிக்கும், மற்ற ஆட்டக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

3.5 பதிப்பில் இன்னொரு பொறி. அறிவு 18 உள்ள ஐந்தாம் லெவல் சயானுக்கு (மனோசக்திக்காரர் வகுப்பு) அடிப்படை 25, கூடுதல் 10, மொத்தம் 35 பாயின்ட். மைண்ட் த்ரஸ்ட் என்ற முதல் லெவல் சக்தியில் ஒரு பாயின்ட்டுக்கு ஒரு பத்துமுகப் பகடை. ‘ஒரே சக்திக்கு உங்கள் லெவலுக்கு மேல் பாயின்ட் செலவிடக் கூடாது’ என்ற ஒற்றை வரியைப் படிக்காமல் விட்டால், 35 பகடையையும் ஒரே அடியில் உருட்டலாம், சராசரி 192.5. எதிரி ஒருமுறை தற்காப்புப் பகடையில் தோற்றால் போதும், வில்லன் கதை முடிந்தது. வரம்போடு ஆடினால் ஐந்து பகடை வீதம் ஏழு முறை, அவ்வளவுதான். மனோசக்தி என்றாலே சமநிலை கெடும் என்ற பேச்சில் நல்ல பங்கு இந்த வரியைத் தாண்டிப் போனவர்களால் வந்தது. அந்தச் சக்தி மனதைத் தாக்குவது என்பதால் நடைபிணங்களிடமும் இயந்திரக் காவலர்களிடமும் எடுபடாது என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. மோதல்களை அமைப்பவர் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

கெட்ட பெயருக்கு இன்னும் பழைய காரணமும் ஒன்று உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குள் மனோசக்தி 1976-லேயே ஒரு துணைநூல் வழியாக நுழைந்தது. 1978-ல் வந்த விதிநூலில் அது ஒரு பின்னிணைப்பு. அறிவு, விவேகம், கவர்ச்சி இவற்றில் ஒன்று 16 அல்லது அதற்கு மேல் இருந்து, 1 சதவீத அடிப்படை வாய்ப்பில் பகடை விழுந்தால் சக்தி இலவசம். ஏற்கெனவே நல்ல எண்கள் விழுந்தவருக்கே மேலும் ஒரு பரிசு. இது மந்திரத்தைவிட மோசமான ஏற்பாடு என்று யாரும் சொன்னால் மறுக்க மாட்டேன்.

மூன்றாவது, எது தடுக்கும். மனோசக்தி வேறு, மந்திரம் வேறு. ஆகவே மந்திர எதிர்ப்பு இதைத் தொடாது என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். செய்யாதீர்கள். அரக்கர் பட்டியலில் இருக்கும் மந்திர எதிர்ப்பு எண்களெல்லாம் சயான் முன்னால் ஒரே நொடியில் வெற்றுத்தாளாகிவிடும். எதிரி சயானாக இருந்தாலோ, ஆட்டக்காரர்களிடம் எந்தக் கவசமும் இருக்காது. 3.5 பதிப்பு இரண்டையும் ஒன்றுக்கொன்று செல்லுபடியாக வைத்ததையே பொது விதியாக்கியது. ‘வேறுவேறு’ என்பதை மாற்று விதியாக மட்டும் தந்தது. மாற்று விதியைக் கையில் எடுப்பவர் ஒவ்வொரு அரக்கனுக்கும் மனோசக்தி எதிர்ப்பைப் புதிதாக எழுதும் பொறுமை உள்ளவராக இருக்க வேண்டும்.

எதிரி மைண்ட் ஃப்ளேயராக (மனோசக்தி கொண்ட ஓர் அரக்க வகை) இருந்தால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அதன் மனவெடிப்பு 60 அடிக்குக் கூம்பு வடிவில் பரவும், அறிவுப் பகடையில் 15 எடுக்க வேண்டும். அறிவு 8, பயிற்சியும் இல்லாத போர்வீரருக்கு இருபதுமுகப் பகடையில் 16 விழ வேண்டும். தப்பிக்கும் வாய்ப்பு 25 சதவீதம். எல்லாரும் ஒரே கூம்புக்குள் நின்றால், முதல் சுற்றிலேயே குழு மொத்தமும் மலைத்து நிற்கும்.

முதன்முதலாக மனோசக்தியைக் கொண்டுவர நினைக்கும் நடத்துநர் பாயின்ட் முறையில் தொடங்க வேண்டாம். சை வாரியர், சோல்நைஃப் என்ற மனோசக்தி உபவகுப்புகளுக்கு 2020-ல் தந்த சக்திப் பகடைகள் போதும்: தேர்ச்சி எண்ணைப் (லெவல் ஏற ஏற வளரும் எண்) போல இரு மடங்கு பகடைகள், ஆறுமுகத்தில் தொடங்கி ஐந்தாம் லெவலில் எட்டுமுகமாகும், நீண்ட ஓய்வில் அனைத்தும் திரும்பும். எண்ண எளிது, ஒரே அடியில் கொட்டித் தீர்க்கவும் முடியாது. அத்துடன் மேலே சொன்ன வெளிப்பாட்டு விதியைச் சேர்த்துக்கொண்டால், கட்டுரையாளர் கேட்ட வித்தியாசம் முதல் அமர்விலேயே மேசையில் தெரியும்.

இப்படிக்கு,
ஆட்டம் நடத்தும் ஒரு வாசகர்