அம்மப்பாவின் கால்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

ஞாயிறு இரவு நீ பிள்ளையின் கையிலிருந்து போனைப் பறித்ததோடு பேச்சு நின்றுபோனது. பிறகு இரண்டு தரம் எடுத்தேன். "படிக்கிறான் அப்பா" என்றாய். அவன் படிக்கவில்லை, கதவுக்குப் பின்னால் நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். அவனை ஏசாதே. வகுப்பில் புதையல் தீவு வாசிக்கிறார்கள், அதில் ஒற்றைக்கால் கொள்ளைக்காரன் ஒருவன் வருகிறான், இங்கே ஒற்றைக்கால் அம்மப்பா ஒருவர் இருக்கிறார். "நீங்களும் முந்திக் கெட்ட ஆளா?" என்று ஒன்பது வயதுப் பிள்ளை கேட்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். 1996இல் அந்த வயல் வரம்பில் மிதிவெடியில் கால் போன நாளிலிருந்து ஊர்ப் பெரியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். என்ன, "முற்பிறப்பில் என்ன செய்தீர்களோ மாஸ்டர்" என்று மரியாதையாகக் கேட்பார்கள்.

நீ முதலில் அவனுக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். படங்களில் அவன் பார்க்கும் மரக்கால் புத்தகத்தில் இல்லை. ஸ்டீவன்சன் 1883இல் புத்தகமாகக் கொண்டுவந்த கதையில் லோங் ஜோன் சில்வரின் இடது கால் இடுப்போடு போய்விட்டது. இருப்பது ஓர் ஊன்றுகோல்தான். ஸ்டீவன்சனுக்கு ஹென்லி என்று ஒரு கவிஞர் நண்பர் இருந்தார். காசநோயால் ஒரு காலை இழந்தவர், ஆனாலும் நாலு பேருக்கு நடுவில் அவர் குரல்தான் மேலே கேட்குமாம். உன்னைப் பார்த்துத்தான் சில்வர் பிறந்தான் என்று ஸ்டீவன்சனே அவருக்குக் கடிதம் எழுதினார். பார்த்து எழுதியது என்பது வாசிக்கும்போதே தெரியும். கப்பலில் சில்வர் சமையற்காரன். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்று ஊன்றுகோலைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பான். கப்பல் ஆடும்போது ஊன்றுகோலின் நுனியைச் சுவரில் முட்டுக்கொடுத்து, அதில் சாய்ந்தபடி சமைப்பான். எனக்கு முதல் இரண்டு வருடம் ஊன்றுகோல்தான். ஒரு கோப்பைத் தேநீரை அடுப்படியிலிருந்து விறாந்தைக்குச் சிந்தாமல் கொண்டுவர நான் பட்ட பாட்டை உன் அம்மா இருந்தால் சொல்லுவாள். ஒரு கயிறு கட்ட எனக்குத் தோன்றவில்லை பார்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது வேறோர் இடம். கப்பல் தலைவனோடு சமாதானம் பேசச் சில்வர் மணல் மேட்டில் ஏறி வருவான். கப்பலில் அவ்வளவு சுழன்று திரிந்தவன், அந்தப் பொறு பொறு மணலில் ஊன்றுகோல் புதையப் புதையத் தத்தளிப்பான். மணலில் உட்கார்ந்து பேசுவான். பேச்சு முறிந்ததும், எழும்ப யாராவது கை கொடுங்கள் என்பான். ஒருவரும் கொடுக்க மாட்டார்கள், கதை சொல்லும் சிறுவன் உட்பட. திட்டிக்கொண்டே மணலில் ஊர்ந்து போய், வாசல் தூணைப் பிடித்துத்தான் எழும்புவான். உப்புவெளிக் கடற்கரையில் இந்த மணலில் நான் எத்தனை தரம் விழுந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவன் கொலைகாரன், அதில் சந்தேகமே இல்லை. அந்த ஊன்றுகோலையே எறிந்து ஒருவனை வீழ்த்துகிறவன். என்றாலும் அந்தப் பக்கத்துக்கு வரும்போது நான் அவன் பக்கம்தான்.

1851இல் மெல்வில் எழுதிய திமிங்கிலக் கதையில் ஏஹப் என்ற கப்பல் தலைவனுக்குத் திமிங்கில எலும்பில் செய்த கால். அது வழுக்காமல் ஊன்றி நிற்க, கப்பல் தளத்தில் அளவாகத் துளை போட்டிருப்பார்கள். அந்தத் துளையைப் படித்ததும் எனக்கு ஒரே பொறாமை. நம் வீட்டுக் குளியலறைக்கும் இரண்டு துளை போட்டால் எவ்வளவு நல்லது! அவனுக்குத் தச்சன் புதுக் கால் செய்துகொண்டிருக்கும்போது, போன கால் இன்னும் அதே இடத்தில் இருப்பதாகத் தெரிகிறது என்பான். டொக்டர்கள் அந்த உணர்வுக்கு ஒரு பெயர் வைத்தது அந்தக் கதை வந்து 20 வருடத்துக்குப் பிறகுதான். இல்லாத என் பெருவிரல் இப்போதும் இரவில் கடிக்கிறது, சொறிய இடமில்லை. பிள்ளைக்கு இதைச் சொல், நிச்சயம் சிரிப்பான்.

பீற்றர் பான் கதையில் வரும் கொக்கிக் கைக் கப்டன் ஹூக்கைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அவன் பிள்ளைகளை வெருட்டச் செய்த பொம்மை. எனக்கு எரிச்சல் வருவது டிக்கின்ஸின் நத்தார்க் கதையில் ஊன்றுகோலோடு வரும் ரிம் என்ற பையன் மேல்தான். 1843இல் வந்த கதை. தேவாலயத்தில் சனங்கள் தன்னைப் பார்த்து, முடவரை நடக்கவைத்தவரை நினைத்துக்கொண்டால் நல்லது என்று அந்தக் குழந்தை சொல்லுமாம். எந்தக் குழந்தையம்மா அப்படிச் சொல்லும்? கால் போனவன் ஒன்றில் பிசாசாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்கள் கண்ணைத் துடைக்கும் கைலேஞ்சியாக இருக்க வேண்டும்.

பெரிய மனிதர் என்றால் அதுவும் மாறிவிடும். இளவயதில் எங்கள் துறைமுகத்துக்கு வந்துபோன ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன், 1797இல் டெனெரிஃப் தீவுச் சண்டையில் வலது கையை இழந்தார். லண்டனில் தூண் உச்சியில் நிற்கும் சிலையில் அந்த வெறும் சட்டைக்கை அவருக்கு ஒரு பதக்கம் மாதிரி. இங்கே டைனமைட் வீசி மீன்பிடிக்கப் போய்க் கை போனவனுக்கும் சட்டைக்கை வெறுமையாகத்தான் தொங்குகிறது. அவனைக் கண்டால் "வேணும்" என்கிறோம்.

வெள்ளைக்காரக் கதைகளை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. கால் போவதற்கு முன் வகுப்பில் மந்தரை சூழ்ச்சிப் படலம் படிப்பிக்கும்போது, முதுகை வளைத்து, ஒரு காலை இழுத்து, கூனி நடந்து வருவதை நடித்துக் காட்டுவேன். வகுப்பே விழுந்து சிரிக்கும். அந்த வகுப்பில் இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பிய ஒரு பிள்ளை முன்வாங்கில் இருந்தாள். அவள் சிரித்தாளா என்று நான் பார்க்கவேயில்லை. கம்பன் பார்த்திருக்கிறான். "பண்டை நாள் இராகவன் பாணி வில் உமிழ் உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்" என்கிறான். சின்ன வயதில் இராமன் விளையாட்டாக அவள் மேல் அடித்த மண்ணுருண்டையை அவள் மறக்கவில்லை. இந்த வரிக்கு நான் வருடாவருடம் பொருள் சொல்லி, வினாத்தாளும் தயாரித்தேன். அவளுக்கு வலித்தது என்று அந்த வரி சொல்கிறது என்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் உறைத்தது.

சிலப்பதிகாரத்தில் பொற்கைப் பாண்டியன் வருகிறான் அல்லவா? தன் கை செய்த பிழைக்காகத் தன் கையையே வெட்டிக்கொண்டு, பொன்னால் கை வைத்துக்கொண்ட அரசன். நீதிக்கு உதாரணமாக அவனையும் படிப்பித்தேன். அடுத்த நாள் சோற்றை அவன் எந்தக் கையால் பிசைந்தான் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. பொன் எவ்வளவு பாரம் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். என்னுடையது ஜெய்ப்பூர்க் கால், ரப்பர்ப் பாதம். இந்தியாவில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேத்தி என்ற டொக்டரும் சேர்ந்து உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், சப்பாணி கட்டி இருக்கலாம். கோயிலுக்குப் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

கோயில் என்றதும் ஞாபகம் வருகிறது. போன மாதம் கோணேசருக்கு ஏறிப் போய், வெயிலில் மிச்சக் கால் வேர்த்து உரசியதால் ஓரமாக இருந்து காலைக் கழற்றி வைத்தேன். யாத்திரை வந்த அம்மா ஒருவர் 20 ரூபாயை என் மடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். புரூகல் என்ற ஓவியன் 1568இல் வரைந்த ஒரு சின்னப் படம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஊன்றுகோல்களோடு பிச்சைக்காரர்கள். நீ அனுப்பிய புத்தகத்தில் பார்த்தேன். முழங்காலில் பலகையை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதைக்கூட விடாமல் வரைந்திருக்கிறான் மனிதன். ஒரு நிமிடம் நானும் அந்தப் படத்துக்குள் இருந்தேன். பிறகு காலை மாட்டிக்கொண்டு இறங்கிவந்து, அந்தக் காசைப் போட்டுக் கச்சான் வாங்கிச் சாப்பிட்டேன். கோட்டை மான்களுக்கும் கொஞ்சம் போனது.

சரி, ஓகஸ்டில் வரும்போது பிள்ளை அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரட்டும். மணல்மேட்டுப் பக்கத்தைக் கடற்கரையில் இருந்து வாசிப்போம். காலைக் கழற்றிப் பார்க்க வேண்டுமென்றால் பார்க்கட்டும், நீ நடுவில் வராதே.

எனக்குப் பருத்திச் சொக்ஸ் வேண்டும், நைலோன் வேண்டாம். இங்கத்தையச் சூட்டுக்கு வெட்டின இடம் அவிந்துபோகிறது. மூன்று சோடி போதும், எனக்கு அது ஆறு.

அன்புடன்,
அப்பா