பத்திரம் எழுதுகிறவர்களுக்கும் சார்பதிவாளர்களுக்கும் ஒரு மடல்

வணக்கம்.

வீட்டையோ நிலத்தையோ பிள்ளை பேருக்கு எழுதிவைக்க வரும் வயதானவர்களை உங்களைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் யாரும் இருக்க முடியாது. "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று ஆரம்பித்து, எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை என்று முடிகிற அந்த தான செட்டில்மெண்ட் உங்களுக்கு மனப்பாடம். கைரேகை வைக்கிறவருக்கு அதில் பாதி புரிவதில்லை.

என் பெரியம்மாவுக்குப் புரியவில்லை. பெரியப்பா போன மறு வருஷம், 71 வயதில், இருந்த ஒரே ஓட்டு வீட்டைச் சின்ன மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தார். அன்றைக்குக் காரில் கூட்டிப்போய்க் காரிலேயே கூட்டிவந்தார்கள். எட்டே மாதத்தில் அவருடைய கட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துச் சாய்ப்புக்குப் போய்விட்டது. சுகர் மாத்திரைக்குக் காசு கேட்டால் "பெரியவன்கிட்ட கேளு" என்று பதில். "எழுதிக் குடுத்தது நாந்தானே, யாரை நொந்துக்கிறது" என்று வாயை மூடிக்கொண்டே இருந்துவிட்டார், எங்களுக்கே விஷயம் வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர் கொடுத்த சொத்தை, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால் ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது. சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால் போதும். சரி என்று நாங்களும் போனோம். அங்கே கேட்ட முதல் கேள்வியே, பராமரிப்பைப் பற்றிப் பத்திரத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்பதுதான். ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்த நிபந்தனை இருந்ததென்று காட்ட முடியாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த சொத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. ஆனால் அந்தத் தாய் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நடக்கவே முடியாத என் பெரியம்மா எங்கே போவார்?

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். "என் ஆயுள் உள்ளவரை எனக்கு உணவு, இருப்பிடம், மருத்துவம் கொடுத்துப் பராமரிக்க வேண்டும், தவறினால் இந்த செட்டில்மெண்டை ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு" என்று ஒரு வரி சேருங்கள். ஆயுள் முழுக்க அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமையையும் கூடவே எழுதலாம். இதனால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மகன் முகம் சுளிக்கலாம், சுளித்தால் அந்த வரி எவ்வளவு அவசியம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சார்பதிவாளர் அவர்களே, "சம்மதமா" என்று கேட்பதற்கு முன்னால் பிள்ளையைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுங்கள். அப்புறம், கையெழுத்துப் போடப் போகிறவருக்கு அந்தப் பத்திரத்தைப் புரிகிற தமிழில் ஒருமுறை சொல்லிவிடுங்கள், இனி இந்த வீடு உங்களுடையது இல்லை அம்மா, பரவாயில்லையா என்று.

இப்படிக்கு,
ஒரு தங்கை மகன்