கோலியின் கால்விரல்

அன்புள்ள சீனு,

நலம். உன் மகளுக்கு வரன் அமைந்த செய்தியை நீ சொல்லாமல் வாத்தியார் மூலம் தெரிந்துகொண்டேன். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது எழுதுவது கால்கள் செயலிழந்து கிடக்கும் நம் கோலிக்காக.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்குபங்சர் செய்கிறவர் முழங்காலுக்குக் கீழே ஊசிகளைக் குத்தி, கிளிப் மாட்டி, சிறு பெட்டியிலிருந்து மின்சாரம் செலுத்தினார். கட்டைவிரல் துடித்தது. "உயிர் வந்துவிட்டது, ஆறு மாதத்தில் நடப்பான்" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அன்றிரவே அண்ணன் மேலத்தெரு மனையை விற்கப் பேச ஆரம்பித்துவிட்டார்.

சீனு, அந்தத் துடிப்பு மின்சாரத்தால் வந்தது. தென்னையிலிருந்து விழுந்தபோது அடிபட்டது நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தில். அதற்குக் கீழே நரம்பும் தசையும் உயிரோடுதான் இருக்கின்றன. போர்வை உரசினாலே கால் வெட்டி இழுக்கிறது. மூளையின் கட்டளைதான் அங்கே போய்ச் சேர்வதில்லை. எல்லோரும் போன பிறகு, விரலை அசைக்கச் சொன்னேன். கோலி பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றான். அசையவில்லை.

ஊசியை நான் பழிக்கவில்லை. தைவானில் விபத்து நடந்தவுடனேயே மின் அக்குபங்சர் தொடங்கியவர்களிடம் கூடுதல் முன்னேற்றம் இருந்ததாக 2003இல் ஓர் ஆய்வு வந்தது. கோலி விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களின் தோள்வலிக்கு உண்மை ஊசியையும், சிகிச்சைப் புள்ளி அல்லாத இடத்தில் பெயருக்குக் குத்தும் போலி ஊசியையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் 2007இல் வெளியான சிறிய ஆய்வில், இரண்டு தரப்பிலும் வலி குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. வலி குறைந்து கோலி தூங்குவானென்றால் தோளில் குத்திக்கொள்ளட்டும். உணர்ச்சியற்ற காலில் வேண்டாம். சீழ் பிடித்தாலும் அவனுக்குத் தெரியாது.

இதைவிட எனக்குப் பதைப்பு வேறு. அவனைப் புரட்டிப் படுக்கவைத்தபோது வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் தொடக்கம் அது. ஊசி வந்ததும் பிசியோதெரபியை நிறுத்திவிட்டார்களாம். இரவில் புரட்டிவிடுவதும் நின்றிருக்கிறது. நடக்கப்போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்துவிட்டார்கள். என் வயிறு எரிகிறது.

1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். அவர் முயற்சியால் 1966இல் வேலூர் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கு இவனை அழைத்துப்போக வேண்டும். நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தானே மாறுவது, சிறுநீர்க் குழாயைத் தானே போட்டுக்கொள்வது, தோலைக் காப்பது எல்லாம் பழக்குவார்கள். கோலிக்குக் கை வலுவுக்கா பஞ்சம்? வடக்குத் தெரு அணியைக் கேட்டுப் பார்.

அண்ணன் என் பேச்சைக் கேட்கமாட்டார். உன்னிடம் மரியாதை உண்டு. வெள்ளிக்கிழமை முன்பணம் வாங்குகிறார். அதற்குள் போனிலாவது பேசு. மனையை விற்றே தீர வேண்டுமென்றால், அந்தப் பணம் பாகாயத்துக்கும், வாசலில் சாய்தளம் கட்டவும், கழிவறைக் கதவை அகலமாக்கவும் போகட்டும். வேலூருக்கு நான் கூடப் போகிறேன். நீயும் வந்தால் கோலி மறுக்கமாட்டான்.

உன்,
ராசு