இடுப்பு மூட்டைப் பற்றி, மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

எக்ஸ்ரே படத்தை அண்ணனுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறாய். நான் பார்த்ததை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருந்தேன். இப்போது நானே சொல்லிவிட்டேன்.

தொடை எலும்பின் தலை, இருக்க வேண்டிய கிண்ணத்தை விட்டுப் பின்புறமாக மேலேறி நிற்பது எனக்கே தெரிந்தது. மூட்டு விலகினால் முடிந்தவரை 6 மணி நேரத்துக்குள் மயக்க மருந்து கொடுத்து இழுத்துச் சேர்க்க வேண்டுமாம். தாமதித்தால் எலும்புத் தலைக்குப் போகும் இரத்த ஓட்டம் கெட்டு, அது மடிந்துபோகக்கூடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டாலோ கிண்ணத்தை நார்த்திசு நிரப்பிவிடும், தசைகள் சுருங்கிவிடும். அதன்பின் வெறுமனே இழுத்தால் மூட்டு சேராமல் எலும்பின் கழுத்தே முறியலாம். நமக்கோ மூட்டு விலகி 14 ஆண்டுகள்.

ஆகவே செயற்கை மூட்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மேலேறிய காலை ஒரேயடியாகக் கீழே இறக்கினால், இடுப்பின் பின்புறமாகக் காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு இழுபட்டு, பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். சுமார் 4 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் கூடினால் அந்த அபாயம் மிகும் என்பதால், தொடை எலும்பில் ஒரு துண்டை வெட்டிக் குறைத்துப் பொருத்துவதும் உண்டு. உனக்கு அப்படிச் செய்வார்களா என்று கேள். கிண்ணத்தின் சுவர் சிதைந்திருந்தால், அகற்றும் எலும்புத் தலையையே அங்கே ஒட்டாக வைப்பார்கள், சி.டி. ஸ்கேன் எடுத்தார்களா என்றும் கேள். நரம்பைப் பற்றிக் கட்டாயம் கேள்.

உயரம் கூட்டிய செருப்போடு நாள் முழுவதும் நின்று வகுப்பெடுக்கிறாய் என்று யாரிடமும் பெருமையாகச் சொல்வேன். அதற்காக இரண்டு மாதம் வலியை மறைத்துப் பேசாமல் இருப்பதா? பெற்றவனிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

கேட்கும் தகுதி எனக்கு இல்லை. காரின் முன்பலகையில் உன் முழங்கால் மோதிய அன்று எல்லோரும் தொடை முறிவைத்தான் பார்த்தார்கள். இடுப்பைப் படம் எடுக்கவில்லை. பிறகு கால் குட்டையாகி உள்நோக்கித் திரும்பி நின்றபோது, பயிற்சி செய்யச் சோம்பல்படுகிறாய் என்று நான் உன்னைத் திட்டினேன். ஐந்தாம் மாதத்தில் உண்மை தெரிந்ததும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டதாக உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். காலில் கம்பி செலுத்தி, நாளுக்கு நாள் எடையைக் கூட்டி இழுத்து, பிறகு திறந்து சேர்த்துப் பார்க்கலாம் என்றார் அவர். சேர்த்தாலும் எலும்புத் தலை பின்னாளில் மடியக்கூடும் என்றும் சொன்னார். நான் அதை மட்டும் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். உனக்கு 17 வயது. கையெழுத்து நான்தான் போட்டிருக்க வேண்டும். அம்மாவுக்கும் இது தெரியாது.

அறுவை முடிந்த பின் தாழ்வான இருக்கையில் உட்காராதே, கால் மேல் கால் போடாதே. புதிய மூட்டும் விலகக்கூடியதுதான். நாள் குறித்ததும் தெரியப்படுத்து. நீ உள்ளே கூப்பிடாவிட்டாலும் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

நரம்பைப் பற்றிக் கேட்டாயா?

அப்பா